கதவா, வெறும் பலகையா?

"கதவு வெச்சதா, வெறும் பலகையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயரே. மரம் வெயில்ல காயுது."

தச்சர் ஆசீர்வாதம் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஸம்பத்குமார் மூன்றாவது தடவையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த பெரிய ஓட்டையைப் பார்த்தார்.

"ஐயர் இல்லை, ஐயங்கார்" என்றார்.

"அதாங்க ஐயரே. கதவா, பலகையா?"

ஓட்டை என்றால் இடிந்து விழுந்த ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் அப்போதுதான் கட்டி முடித்த வீடு. மேஸ்திரி நடுச்சுவரை இடுப்பு உயரத்துக்கு எழுப்பிவிட்டு, மேலே அகலமாக ஒரு சதுரத்தைத் திறந்தபடி விட்டிருந்தார், அலமாரி வைத்துக்கொள்ளட்டும் என்று. அந்தச் சதுரத்தை ஒட்டிச் சமையலறைப் பக்கம் நின்றுகொண்டே சமைக்கிற மேடை. அடுப்படியில் நிற்பவர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். கிழக்கே ஹால். ஹாலில் நேர் எதிரே ஸம்பத்குமாரின் சாய்வு நாற்காலி. இதெல்லாம் தற்செயலாக அமைந்தது என்று நினைப்பவர்களுக்கு ஸம்பத்குமாரைத் தெரியாது. மேஸ்திரியிடம் வாஸ்து, காற்று, வெளிச்சம் என்று என்னென்னவோ சொல்லி, வீட்டையே அந்த நாற்காலிக்காகத் திருப்பிப் போட்டிருந்தார் மனுஷர்.

விஷயம் இதுதான். அவருக்கு மனைவி வைதேஹியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கல்யாணம் ஆகி ஒரு பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தபின் ஒருவருக்கு இப்படி ஓர் ஆசையா என்று சிரிப்பவர்கள் அவர் அதுவரை இருந்த திருவள்ளூர்க் கோயில் தெரு வீட்டில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும். அண்ணா ராமஸ்வாமிக்குக் கோயிலில் கைங்கர்யம். வீட்டில் ஆசாரம் கொஞ்சம் தூக்கல். குளித்து மடியாக இல்லாதவர்கள் தளிகை உள்ளுக்குள், அதாவது சமையலறைக்குள், கால் வைக்கக் கூடாது. காக்களூர் நட்டு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு, கிரீஸ் கையோடு வீடு திரும்புகிற ஸம்பத்குமார் எந்த நேரத்தில் மடியாக இருந்தார்? சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வளைபோட்ட ஒரு கை காப்பியை நீட்டும். அந்தக் கை வைதேஹியுடையதுதானா, அண்ணாவின் மனைவி மன்னியுடையதா என்பதையே வளையலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

ஒரே ஒரு தடவை, ஆடி மாசத்துக் காற்றில் அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே வைதேஹி கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு, தனக்குத்தானே எதையோ நினைத்துச் சிரித்தாள். அனலில் முகம் சிவந்திருந்தது. ஸம்பத்குமார் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றார். யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் எதை நினைத்துச் சிரித்தாள் என்று கேட்க அவருக்கு இன்னும் வேளை வரவில்லை. அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் வேப்பம்பட்டுக்குக் குடி வந்தார்கள். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கெடக் கூடாதென்று அவளைப் பெரியப்பா வீட்டிலேயே விட்டிருந்தது. புது வீட்டில் இவர், அவள், இரண்டே பேர். இனிமேல் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டம் பேச்சில் இருந்தது.

கோயில் தெரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். "மன்னி, அவர் ராத்திரி சாப்பிடுவாரான்னு கேளுங்கோ" என்பாள் வைதேஹி. இரண்டடி தள்ளி நிற்கும் ஸம்பத்குமார், "மன்னி, சாப்பிடுவேன்னு சொல்லுங்கோ" என்பார். மன்னி வாயே திறக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். வருஷக்கணக்கில் இப்படிப் பேசிப் பழகியவர்களைத் திடீரென்று தனி வீட்டில் கொண்டுவந்து விட்டால் நாக்கு எப்படித் திரும்பும்? வைதேஹி பால் பாத்திரத்தைப் பார்த்து, "காப்பி ஆறிண்டிருக்கு" என்பாள். அவர் பேப்பரைப் பார்த்து, "தோ வரேன்" என்பார். பாத்திரமும் பேப்பரும் மட்டும் சுமுகமாகப் பேசிக்கொண்டிருந்தன.

அந்த நிலைமையில்தான் ஆசீர்வாதம் வந்து சேர்ந்தார். ஸம்பத்குமாரின் கம்பெனியிலேயே போல்ட் அனுப்புகிற மரப்பெட்டிகள் அடிப்பவர். வயசானவர், சாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இப்படி வெளிவேலை பார்ப்பார். கையும் காலும் காதும் உள்ள, நடுவில் நிறுத்திப் பேசத் தோதான முழு மனுஷர்.

ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஸம்பத்குமாரின் உள்ளாசை. ஆனால் சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு என்று யாராவது கேட்டால்? 'என் ஆத்துக்காரியைப் பார்க்க' என்று சொல்கிற வாயா அது! அதனால் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்.

"வெறும் பலகைதான் ஆசீர்வாதம். கதவும் வேண்டாம், முதுகுப் பலகையும் வேண்டாம். இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா அந்தப் பக்கம் தெரியணும். அதாவது... காற்றோட்டம்!"

"அம்மாவாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேன்."

ஆசீர்வாதம் உள்ளே போனார். வைதேஹி அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். ஸம்பத்குமார் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆசீர்வாதம் காதுமடல் சிவக்க வெளியே வந்தார்.

"அம்மாவுக்குக் கதவு போட்ட அலமாரிதான் வோணுமாம்."

"அவ்வளவுதானா? இவ்வளவு நாழி பேசினாளே?"

"மீதி மரத்துக்கு சம்பந்தம் இல்லாத பேச்சு ஐயரே" என்று ஆசீர்வாதம் ரம்பத்தைத் தேடப் போய்விட்டார்.

ஸம்பத்குமார் பேப்பரை மடித்துப் போட்டார். மறுபடியும் கதவா? ஒரு கதவிலிருந்து தப்பித்து எட்டு மைல் தள்ளி வந்து வீடு கட்டினால், இங்கேயும் ஒரு கதவு போட்டுக்கொள்ளவா ஆசைப்படுகிறாள்? தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சமைக்க அவளுக்குப் பிடிக்கவில்லையா? ரோஷம் வந்துவிட்டது அவருக்கு.

"கதவு கிடையாது. பலகைதான். வீட்டு எஜமானன் சொல்லிட்டேன்னு சொல்லு."

ஆசீர்வாதம் உள்ளே போய் உடனே திரும்பினார்.

"உங்க இஷ்டம் போல செய்யச் சொல்லிட்டாங்க."

அன்று சாயங்காலமே பெட்டி அடிக்கிற ஜாதிக்காய் மரப் பலகைகள் அடுக்கடுக்காக ஏறிவிட்டன. எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் ஸம்பத்குமார். பலகைகளின் இடைவெளியில் வைதேஹி தெரிந்தாள். மோர் கடைந்தாள். ஒருமுறை நிமிர்ந்தும் பார்த்தாள். அவர் சட்டென்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஆனாலும் ராஜ்யமே கிடைத்தாற்போல இருந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் ராஜ்யம் பறிபோயிருந்தது. அலமாரி என்று ஒன்று வந்தால் சாமான் வைக்க மாட்டார்களா? கல்யாணச் சீர் எவர்சில்வர் டப்பாக்கள், தூக்குகள், சம்புடங்கள், ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் அடுக்கி, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அத்தனை டப்பாவிலும் தன் முகம்தான் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. அதைப் பார்க்கவா அவர் வீடு கட்டினார்?

பிறகு ஒரு ரகசிய யுத்தம் தொடங்கியது. வைதேஹி கிணற்றடிக்குப் போகிற சமயம் பார்த்துத் துவரம்பருப்பு டப்பாவை ஒரு சாண் நகர்த்திவைத்தார். அன்று அவருக்கு ஒரு புருவமும் பாதி நெற்றியும் கிடைத்தன. அடுத்த நாள் அந்த இடைவெளியில் பெருங்காய டப்பா உட்கார்ந்திருந்தது. மிளகாய்த்தூளை நகர்த்தினார். ஒரு காதும் தோடும் கிடைத்தன. மறுநாள் அங்கே வடிகட்டி. இப்படியே போனால் பொங்கலுக்குள் முழு முகத்தையும் துண்டு துண்டாகவாவது பார்த்து முடித்துவிடலாம் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்ட வேளையில், வைதேஹி பால் பாத்திரத்திடம் சொன்னாள்:

"அடுக்கினது சரியில்லை போலிருக்கு. யாரோ கலைச்சுக் கலைச்சு வெக்கறா. இன்னும் நெருக்கி அடுக்கறேன்."

நெருக்கி அடுக்கினாள். கோயில் கோபுரத்துப் பொம்மைகள்கூட அவ்வளவு நெருக்கமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு, "பலகைக்குப் பலகை இடைவெளியை ஜாஸ்தி பண்ணு. சாமானுக்கு மேலே கொஞ்சம் காலியா இருக்கட்டும்" என்றார். ஆசீர்வாதம் பலகைகளைப் பிடுங்கி உயர்த்தி அடித்தார். இடம் உயர்ந்ததும், கோயில் தெருவிலிருந்து இதுவரை வராமல் இருந்த பெரிய அண்டாக்கள் வந்து சேர்ந்தன. இடம் இருக்கிற வீட்டைத் தேடி அண்டா வருவது இயற்கைதானே.

அண்டாக்களோடு கூடவே அத்தை செங்கமலவல்லியும் வந்தாள். ஹாலில் கால் வைத்ததும் அலமாரியைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"ஏண்டா ஸம்பத்து, இது தளிகை உள்ளா, பாத்திரக் கடையா?"

"காற்றோட்டம் அத்தை."

"நன்னா இருக்கு காற்றோட்டம்! வாசல்ல போறவன் வரவன் கண்ணெல்லாம் பெருமாளுக்குப் பண்ற தளிகை மேலன்னா படும்? வைதேஹி, நீ ஒண்ணும் சொல்லலையாடி?"

"அவருக்கு இப்படித்தான் பிடிக்கறது அத்தை" என்றாள் உள்ளேயிருந்து. நடுவில் ஓர் ஆள் கிடைத்த தைரியத்தில் ஸம்பத்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை தன் பெட்டியிலிருந்து பழைய ஒன்பது கஜப் புடவை ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்து, அலமாரிக்கு மேலே கயிறு கட்டித் திரை போட்டுவிட்டாள். போகும்போது, "இதை எடுத்தேளோ, நான் இந்த ஆத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது டப்பாவும் தெரியவில்லை. அரக்குக் கலரில் ஒரு புடவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கடுகு வெடிக்கிற சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன. ஸம்பத்குமார் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் தெருவிலாவது ஒரு தடவை காற்று அடித்தது. இங்கே அந்த அதிர்ஷ்டமும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து போய்த் திரையை விலக்கி, 'வைதேஹி' என்று ஒரு தடவை கூப்பிட்டால் என்ன? எழுந்தார். திரைவரைக்கும் போனார். கை உயர்ந்தது. "குடிக்கத் தீர்த்தம் வேணும்" என்று புடவையிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் வந்தபோது ஸம்பத்குமாரிடம் ஒரு புதுத் திட்டம் இருந்தது.

"வலைக்கதவு!" என்றார். "பலகாரம் வெக்கற பெட்டிக்குப் போடுவாளே, கம்பி வலை, அந்த மாதிரி. அத்தைக்குக் கதவும் ஆச்சு, எனக்குக் காற்றோட்டமும் ஆச்சு. அவளுக்கும் கதவு கேட்டபடி ஆச்சு."

"உங்க காற்றோட்டம் எனக்கு ஒரே பேஜாரா கீது ஐயரே" என்றார் ஆசீர்வாதம். ஆனால் அடித்துக்கொடுத்தார். அண்டாக்களை வைதேஹி பரணில் ஏற்றிவிட்டாள்; டப்பாக்களுக்கு மேலே இடம் காலியானது. திரை இறங்கியது.

முதல் நாள் வலைக்குப் பின்னால் வைதேஹி புள்ளி புள்ளியாகத் தெரிந்தாள். தெரிந்தவரைக்கும் லாபம் என்று இருந்தார். ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ் கக்கிய கரியும், தாளிப்பு எண்ணெயும், மாவு சலித்த தூசியும் ஒன்றாகச் சேர்ந்து வலையின் கண்களை ஒவ்வொன்றாக அடைத்தன. துணியால் துடைத்தார். கரி பரவியது. சோப்புப் போட்டார். வலை துருப்பிடித்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவர் வலையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, வைதேஹி அந்தப் பக்கமிருந்து ஸ்டவ்விடம், "இதெல்லாம் ஏன் இவருக்கு?" என்றாள். அதில் கோபமா, வருத்தமா என்று தெரிந்துகொள்ள முகம் தெரிய வேண்டும். முகம் எங்கே தெரிந்தது?

அந்த வாரம் முழுக்க அவள் பால் பாத்திரத்திடமும் அதிகம் பேசவில்லை. ஸம்பத்குமார் யோசித்துப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கதவு போட்ட அலமாரி. ஒளிந்துகொண்டு சமைப்பதுதான் அவளுக்கு இஷ்டம் என்றால் அப்படியே இருக்கட்டுமே. பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று தன் ஆசையை மட்டும் பெரிதாக நினைத்து, பாவம், அவளை இத்தனை நாள் அலைக்கழித்தாயிற்று. பிரியம் இருக்கிறவன் செய்கிற காரியமா இது? சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆசீர்வாதம் சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலுக்கே போய்விட்டார்.

"வலையைப் பிடுங்கிடு. நல்ல கனமான பலகைக் கதவா போடு. என் பக்கமும் பலகை வெச்சு மொத்தமா அடைச்சுடு. ஒரு பொட்டு வெளிச்சம் வரப்படாது."

"நெஜமாவா ஐயரே? அப்புறம் காற்றோட்டம்..."

"ஒரு காற்றோட்டமும் வேண்டாம். அவ கேட்டபடியே ஆயிடுத்துன்னு உள்ளே சொல்லிடு."

ஆசீர்வாதம் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் வைதேஹியின் குரல், "அவர் இஷ்டம்" என்று மட்டும் கேட்டது.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பலகை பலகையாக அடித்து இறுக்கி, இழைத்து, மஞ்சள் வார்னிஷும் பூசியாயிற்று. ஹாலில் பாதி இருட்டிவிட்டது. உள்ளே கடுகு வெடித்தது. முன்னைப் போலத் தெளிவாகக் கேட்கவில்லை, எங்கோ பக்கத்து வீட்டில் வெடிப்பது போலக் கேட்டது. ஸம்பத்குமார் நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பி வாசல் பக்கமாகப் போட்டுக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்தாற்போலத் துடைத்துக்கொண்டார். வார்னிஷ் வாசனை ஆளைத் தூக்கியடித்தது, அதன் பேரில் பழியைப் போட்டுவிடலாம்.

ஆசீர்வாதம் உளி, சுத்தியல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆசீர்வாதம், இப்பவாவது உங்க அம்மாவுக்குத் திருப்திதானே?" என்றார் ஸம்பத்குமார், எவ்வளவு முயன்றும் குரலில் வந்துவிட்ட தாங்கலோடு. "முதல் நாளே கேட்டாளே, கதவு போட்ட அலமாரி வேணும்னு. நான்தான் கேக்கலை."

ஆசீர்வாதம் பையைக் கீழே வைத்தார். புதுப் பலகையை ஒரு தரம் பார்த்தார், ஐயரை ஒரு தரம் பார்த்தார், அப்புறம் காதுமடல் சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா கதவு போட்ட அலமாரி கேட்டது சமையக்கட்டுப் பின்செவுத்துல ஐயரே, 'சாமான் அத்தினியும் அதுக்குள்ள போட்டுட்டு, நடுவுல ஒண்ணுமே வெக்காம தொறந்து வுட்டுடுன்னு அவராண்ட சொல்லு ஆசீர்வாதம், சமைக்கசொல்லோ நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கினே இருக்கணும்'னு சொல்லிச்சு, அத்தப் போயி நான் எப்டி ஐயரே உங்களாண்ட வாய்வுட்டு சொல்றது?"